தகரப் பிரிவைப் பிரிக்கும் முன் என் கணவரை அழைத்துச் செல்ல

அனுப்புநர்:
திருமதி ஃபிகிலே சோண்டி (ஊர் வழக்கில் மாங்கிடி),
மறைந்த பெக்குமுசி சோண்டியின் மனைவி,
எமதுலினி கிராமம், குலுமேனி அஞ்சல்,
க்வாசூலு-நடால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
தலைமை நிர்வாக அலுவலர் அவர்கள்,
மாவட்ட மருத்துவமனை,
குலுமேனி.

பொருள்: கொரோனா காலத் தனிமைப் பிரிவில் இறந்த என் கணவரின் ஆவியை, அக்கட்டடம் அகற்றப்படுவதற்கு முன் முறைப்படி வீட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டியும், இதுவரை அனுமதி மறுக்கப்பட்டது குறித்துப் புகார் தெரிவித்தும்.

பார்வை: மருத்துவமனை வாசலில் ஒட்டப்பட்டுள்ள கட்டட அகற்றல் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் எமதுலினி தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் பணியில் உள்ளவள். என் கணவர் கரும்பாலைக்கு லாரி ஓட்டி வந்தார். 2020 ஜூலையில், தங்கள் மருத்துவமனையின் பின்புறம் அவசரமாக எழுப்பப்பட்ட தகரப் பிரிவில் அவர் இறந்தார். அந்தப் பிரிவு இந்த மாதக் கடைசிக்குள் பிரித்து எடுத்துச் செல்லப்படும் என்று அறிவிப்பு கண்டேன். அதற்கு முன் என் கணவரை அங்கிருந்து அழைத்துப் போக வேண்டும். நான் உடலைக் கேட்கவில்லை. உடல் எங்கள் மாட்டுத்தொழுவத்தின் அருகில் புதைக்கப்பட்டு, அதன் மேல் புல்லும் முளைத்துவிட்டது.

2. தாங்கள் கேப் மாகாணப் பக்கத்திலிருந்து மாறுதலாகி, போன ஆண்டுதான் இங்கு பொறுப்பேற்றீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே எங்கள் வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதி வேண்டும். முந்தைய அலுவலருக்கு இதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் இந்தப் பக்கத்துக்காரர். தெரிந்தேதான் மறுத்தார். வீட்டுக்கு வெளியே இறந்தவர், கடைசி மூச்சு விட்ட இடத்திலேயே இருப்பார். அவருடைய சொந்த ஆள் ஒருவர் காட்டு இலந்தைக் கிளையுடன் அந்த இடத்துக்குப் போய், கிளையால் தரையைத் தொட்டு, பெயரும் குலப்பெயரும் சொல்லி, "வீட்டுக்குப் போகலாம், எழுந்திரு" என்று கூப்பிட வேண்டும். பிறகு அந்தக் கிளையை, வழியில் வேறு யாரிடமும் பேசாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து உட்புறச் சுவரோரம் வைக்க வேண்டும். உடல் ஓர் இரவு வீட்டுக்குள் இருக்க, சொந்தக்காரர்கள் பாய் விரித்துக் கூடவே இருப்பார்கள். மறுநாள்தான் அடக்கம். இதில் ஒன்றுகூட என் கணவருக்கு நடக்கவில்லை.

3. ஆம்புலன்ஸ் எங்கள் வாசலுக்கு வந்தபோது வெள்ளை உடையில் மூடிக்கொண்டு மூன்று பேர் இறங்கினார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வேலிக்கு அப்பால் வந்து நின்றார்கள். என் கணவர் மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர். கல்யாண வீட்டில் கூட யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தட்டை எடுப்பார். படுக்கையில் ஏற்றியதும் என்னைப் பார்த்து, "கதவச் சீக்கிரம் சாத்தச் சொல்லு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். நானும் போய் அப்படியே சொன்னேன். அவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன்பின் என்னை உள்ளே விடவில்லை. அவருடைய கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில், இறந்துவிட்டார் என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது.

4. அடக்கம் நடந்த விதம் பற்றித் தங்கள் மருத்துவமனையின் மேல் எனக்குப் புகார் இல்லை. அது அரசாங்க உத்தரவு. உடல் நெகிழிப் பையில் மடித்து மடித்துக் கட்டப்பட்டு, மூடிய பெட்டியில் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது, வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, நேரே குழிக்குத்தான் என்றார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் கூடவே நின்றார். என் கணவரின் அண்ணன் ஃபலாக்கே அவரிடம் போய், "ஐயா, உள்ள கொண்டுவர வேணாம். வீட்டு வாசல்ல வண்டிய ஒரு நிமிஷம் நிறுத்துங்க. தம்பி வீட்டப் பாத்துட்டுப் போகட்டும்" என்று கேட்டார். ஆய்வாளர் முடியாது என்றார். இருந்தாலும் வண்டி எங்கள் வீட்டைக் கடந்தபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஹாரனை இரண்டு முறை மெதுவாக அடித்தார். அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இந்த மனுவில் அதைச் சொல்ல இடமில்லை என்றாலும் சொல்லிவிட்டேன்.

5. அடுத்த வாரம் ஃபலாக்கேயும் நானும் இலந்தைக் கிளையுடன் மருத்துவமனைக்கு வந்தோம். வாசலில் காவல் பணியில் இருந்தவர் திரு. ஜோத்தாம் ம்பாத்தா. கிளையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஆனால் விடவில்லை.

"அம்மா, கிளை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன். உங்கள உள்ள விட்டா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஒருத்தன் உக்காந்திருப்பான்."

ஃபலாக்கே கோபப்படவில்லை. "எங்கள உள்ள விடச் சொல்லலடா தம்பி. அந்தத் தகரக் கொட்டகை எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு" என்றார். திரு. ஜோத்தாம் மோவாயால் காட்டினார்.

நாங்கள் கம்பி வேலியை ஒட்டி நடந்து பின்பக்கம் போனோம். வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவில் துணி துவைக்கும் முற்றம் இருந்தது. கொடிகளில் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. கொதிகலன் சத்தம் காதைப் பிளந்தது. ஃபலாக்கே கிளையை வேலிக்குள் நீட்டிப்பிடித்து, "பெக்குமுசி! நொண்டாபா! சோண்டி வீட்டுப் புள்ள! நான்தான்டா அண்ணன் வந்திருக்கேன், வீட்டுக்கு வா" என்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார். நொண்டாபா என்பது சோண்டி வீட்டாரின் குலப்பெயர். கொட்டகையின் ஒரு சன்னலில், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, முகக்கவசம் போட்ட யாரோ ஒருவர் கையசைத்தார். பதிலுக்கு நானும் கையசைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

6. திரும்பும்போது டாக்சி வேனில் மூன்று இருக்கைக்குக் காசு கொடுத்தேன். வேன்காரர், "ரெண்டு பேருதானே அக்கா? நடு சீட்ல ஆள ஏத்தக் கூடாதுன்னு போலீஸே சொல்லியிருக்கு. அது சும்மாதான் கெடக்கும்" என்றார். "சும்மா கெடக்கல தம்பி, காச வாங்கிக்க" என்றேன். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கிளையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, காசை வாங்கிக்கொண்டு, பாட்டை நிறுத்தினார். பின்வரிசையில் ஒரு பையன், "பெரியவர் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கறாரு, கொரோனாவா?" என்று கேட்டான். அவன் அம்மா தொடையில் கிள்ளியதில் அவன் கத்தியது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து கிளையைச் சுவரோரம் வைத்தோம். ஃபலாக்கே வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போன் போட்ட மாதிரி இருந்துச்சு மாங்கிடி. அந்தப் பக்கம் மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கறான். அவன் வந்தான்னு ஊருக்காகப் பொய் சொல்ல என்னால ஆகாது." அவர் அன்று பொய் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் பல காரியங்கள் சுலபமாக நடந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

7. அதனால் விளைந்தவை:

(அ) கணவனை இழந்தவள் ஒரு வருடம் கறுப்பு உடுத்திப் பிறகு அதைக் களைவது எங்கள் முறை. கணவர் வீடு வந்து சேராமல் களைய முடியாது. நான் மூன்றாம் வருடமாக உடுத்தியிருக்கிறேன். முதலில் தைத்தது நைந்துபோய் இரண்டாவது தைத்தாயிற்று. கறுப்பு உடுத்தியவள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், கூட்டத்தில் பின்னால் உட்கார வேண்டும், யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. பள்ளியில் சில பெற்றோர் முணுமுணுத்ததால் என்னைப் பரிமாறும் இடத்திலிருந்து பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. குழந்தைகள் சாப்பிடும் முகத்தைப் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

(ஆ) என் மகள் லுங்கிலேயைப் பெண் கேட்டு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம். பையனை எனக்கும் பிடித்திருக்கிறது. தகப்பனிடம் சொல்லாமல் பெண்ணின் பேச்சை எடுக்க முடியாது என்பதால் ஃபலாக்கே அவர்களிடம், "அப்பன் இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கான். அவன் வந்ததும் பேசலாம்" என்றார். நகரத்து மனிதர்களுக்கு அது புரியவில்லை. பையனின் பெரியப்பா, "அடடா, எந்த வார்டு? போற வழியில பாத்துட்டு, நாலு ஆரஞ்சு வாங்கிக் குடுத்துட்டுப் போறோம்" என்றார். லுங்கிலே அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். அதன்பின் சில நாட்கள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "நீ என்ன பண்றேம்மா? அந்த வாசல்ல போய்ப் படுத்துக்கயேன். யாராவது எழுப்பி என்னன்னு கேக்க மாட்டாங்களா?" என்றாள் ஒருநாள். மகள் தாயிடம் அப்படிப் பேசலாமா என்று நான் கேட்கவில்லை. நியாயமாகத்தான் பட்டது.

8. கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிய பிறகு நான் தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்தேன். முதலில், தொற்று அபாயம் உள்ள இடம் என்றார்கள். அப்போது அங்கே நோயாளிகளே இல்லை, பழைய கட்டில்கள்தான் அடுக்கியிருந்தன. பிறகு அது பண்டகசாலையின் பொறுப்பு என்றார்கள். பண்டகசாலையில், நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்றார்கள். நிர்வாகப் பிரிவில் இருந்த ஓர் அலுவலர், "இது ஆஸ்பத்திரிம்மா. சாமி கும்பிடற எடம் இல்ல. செத்தவங்க எல்லாரையும் தேடி எல்லாரும் வந்தா நாங்க வைத்தியம் பாக்கறதா, வேண்டாமா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஞாயிறுதோறும் சபைக்காரர்கள் வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு வருகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் சபைக்குப் போகிறவள்தான். அவர்களை விடுகிற கதவு எங்களுக்கு மட்டும் ஏன் திறக்காது என்பதே என் புகார். என் முந்தைய இரண்டு விண்ணப்பங்களுக்கும் பதில் வரவில்லை.

9. சென்ற நவம்பரில் குலுமேனி சந்தையில் ஒரு பெண்மணி என் கறுப்பு உடையைப் பார்த்து, யாருக்காக என்று விசாரித்தார். ஓய்வு பெற்ற செவிலியர் சிஸ்டர் டொரோத்தி குவாலா. கணவரின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். அவர் சொன்னதால்தான் இடம் எனக்குச் சரியாகத் தெரியும்: தண்ணீர்த் தொட்டிப் பக்கச் சுவரில் இரண்டாவது சன்னல், அதன் கீழே இருந்த கட்டில்.

"தண்ணி வேணும்னாகூடக் கேக்க மாட்டார்மா. நாமளாப் பாத்துக் குடுக்கணும். கடைசி நாள் மூச்சு ரொம்பத் திணறுச்சு. சொந்தக்காரங்க யாரும் இல்ல, நான் என்ன பண்ணுவேன்? கையுறையோடதான் கையப் புடிச்சுக்கிட்டேன். சோண்டி வீட்டு ஆளுன்னு சீட்டுல இருந்துச்சு. அதனால நொண்டாபா, நொண்டாபான்னு கூப்பிட்டேன். கண்ணத் தொறந்து பாத்தார். என்னைய வீட்டு ஆளுன்னு நெனச்சிருப்பார்" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு உடுத்தியவள் கை கொடுக்கக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து ஃபலாக்கேயிடம் சொன்னேன். அவர், "அப்ப ஆள் அந்தச் சன்னலுக்குக் கீழதான் இருக்கான். வேலியில நின்னு கத்துனது அந்தச் சத்தத்துல எங்க கேட்டிருக்கும்?" என்றார். அன்று இரவு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

10. இம்மாதத் தொடக்கத்தில் திரு. ஜோத்தாம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள், உடனே வாருங்கள் என்றார். அறிவிப்பைக் காட்டியபின், பணி முடிந்து வாசலுக்கு எதிரே பன் பொரிக்கும் அம்மாவின் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தார். அங்கே அவர் சொன்னதை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

"எங்க அம்மாவும் அந்தக் கொட்டகையிலதான் போனாங்க. உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த மாசம். வண்டி வந்தப்ப நான்தான் வாசல்ல டியூட்டி. நான்தான் வாசல் தடுப்புக் கட்டையத் தூக்கி விட்டேன்."

"நீ இங்கயே வேலை பாக்கறவனாச்சே தம்பி. ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பாத்து உள்ள போயிருக்கலாமே? யார் உன்னக் கேக்கப் போறாங்க?" என்றேன்.

"சாவிகூட என் இடுப்புலதான் தொங்குச்சும்மா. போயிருக்கலாம்தான். ஆனா கிளையோட வந்தவங்க அத்தன பேரையும் நான்தான் திருப்பி அனுப்புனேன். நான் மட்டும் எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டா, அடுத்த நாள் வர்றவங்கள எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிறுத்துவேன்?"

மூன்றாம் வருடமாக அவருடைய அம்மாவும் அதே கொட்டகையில். தினமும் காலையில் பணிக்கு வந்ததும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு வணக்கம் சொல்வதாகவும், அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை என்றும் சொன்னார். பன் பொரிக்கும் அம்மா எங்கள் இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

இந்த மனுவில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம், வேலைக்கு ஆபத்து என்று நான்தான் தடுத்தேன். "இல்லம்மா, போடுங்க. இனி நான் ஒளிஞ்சு கேக்கற விஷயம் இல்ல இது" என்று தாமே கையொப்பம் இட்டுள்ளார். அவர் எந்த விதியையும் மீறவில்லை என்பதையும், அறிவிப்பு பொதுமக்கள் பார்க்கவே ஒட்டப்பட்டது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

11. ஆகவே கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறோம்:

(அ) கொட்டகை பிரிக்கப்படும் முன் ஏதேனும் ஒரு பகற்பொழுதில், என் கணவருக்காகத் திரு. ஃபலாக்கேயும், தன் தாயாருக்காகத் திரு. ஜோத்தாமும் உள்ளே செல்ல அனுமதிக்க வேண்டும். கட்டில்களை நகர்த்த வேண்டியிருந்தால் நாங்களே நகர்த்தி, பழையபடி வைத்துவிடுகிறோம். நெருப்பு, சாம்பிராணி, பலி எதுவும் அங்கே இல்லை. இரண்டு கிளைகள் மட்டும்.

(ஆ) திரு. ஜோத்தாமுக்கு அன்று விடுப்பு அளித்து, வாசலுக்கு வேறு ஒருவரை நிறுத்த வேண்டும். அவர் சீருடை இல்லாமல் வர விரும்புகிறார்.

(இ) கிளையை ஏந்தி வருபவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்து வீடு சேரும் வரை இறந்தவரிடம் அன்றி வேறு யாரிடமும் பேச மாட்டார். ஊழியர்கள் யாராவது வணக்கம் சொல்லி, அவர் பதில் சொல்லாமல் போனால், அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கலாம். நான் பின்னால் வருவேன்.

(ஈ) கிளையோடு வந்து திரும்பிப் போன மற்றக் குடும்பங்களுக்காக நான் பேச முடியாது. ஆனால் தேதி குறித்து வாசலில் ஒட்டினால் அவர்களும் வருவார்கள் என்று திரு. ஜோத்தாம் சொல்கிறார். அவருக்கு அவர்கள் முகங்கள் தெரியும்.

12. தேதி கிடைத்தால், அன்று மாலை எங்கள் வீட்டில் ஓர் ஆடு அடித்து, சோள பீர் காய்ச்சி, என் கணவரிடம் லுங்கிலேயின் விஷயத்தைச் சொல்ல ஏற்பாடு செய்வோம். பீர் புளிக்க மூன்று நாளாவது ஆகும் என்பதால் சற்று முன்னதாகத் தெரிவித்தால் நல்லது. தாங்கள் வர விரும்பினால் எங்களுக்கு மகிழ்ச்சி. வாசலில் எந்தத் தடையும் இருக்காது.

13. எக்காரணத்தாலும் அனுமதிக்க முடியாது என்று தாங்கள் முடிவு செய்தால், ஓர் உதவியாவது செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கச் சுவரைக் கழற்றி எந்த லாரியில் ஏற்றுகிறார்கள், அது எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் எழுதித் தெரிவியுங்கள். ஆவி தரையோடு இருக்குமா, சுவரோடு போகுமா என்பது எங்கள் பெரியவர்களுக்கே தெரியவில்லை. இப்படி ஒன்று முன்பு யாருக்கும் நேர்ந்ததில்லை. ஃபலாக்கேக்கு முழங்கால் வலி. அவர் இங்கே வேலியோரம் வந்து மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார். நான் அந்த லாரியின் பின்னால் போகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, பணிவுடன்,

(ஒப்பம்) ஃபிகிலே சோண்டி

உடன் மனுதாரர்:
(ஒப்பம்) ஜோத்தாம் ம்பாத்தா,
வாயிற்காவலர், தகரப் பிரிவில் இறந்த திருமதி எஸ்தர் ம்பாத்தாவின் மகன்.

இடம்: எமதுலினி
நாள்: 13 மார்ச் 2023